ரெண்டு மாட்டு அகலம்

ஒரு தை மாதத்துக் காலை. சேத்தியாத்தோப்பு பக்கம் ஒரு கிராமத்துக்கு மினி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் பழுத்துத் தலைசாய்ந்த சம்பா நெல், நடுவே ஒல்லியான தார் ரோடு. ஒரு வளைவு திரும்பியதும் டிரைவர் சடாரென்று பிரேக் போட்டார். எதிரே கரும்பு டிராக்டர். ஒன்றல்ல, ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு டிரெய்லர். கரும்புச் சோகை ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் தடவிக்கொண்டு வருகிறது.

கண்டக்டர் இறங்கினார்.

"அண்ணே, கொஞ்சம் பின்னாடி எடுங்கண்ணே. ஸ்கூல் புள்ளைங்க இருக்கு."

"டபுள் டிரெய்லர எப்புடிப்பா ரிவர்ஸ் எடுக்கறது? நீ எடு."

"ஒரு கிலோமீட்டருக்கா?"

"ஆலையில டோக்கன் போட்டிருக்குப்பா..."

டிராக்டர்காரர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு டிரெய்லரோடு பின்னால் போவதே வித்தை. இரண்டாவது டிரெய்லரும் இருந்தால், ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் ஒடித்தால் அது எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது. கடைசியில் மினி பஸ்தான் பின்வாங்கியது. இருபது நிமிஷம். அதற்குள் பின்னால் நெல் அறுக்கும் மெஷின் ஏற்றிய லாரி ஒன்று வந்து நிற்க, அப்புறம் நடந்ததைச் சொன்னால் இந்தப் பக்கமே போதாது.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும் பதற்றமே இல்லாமல் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "இது ரெண்டு மாட்டு அகலத்துக்குப் போட்ட பாதை தம்பி. இதுல போயி ரயில் வண்டிய வுட்டா?" என்றார்.

ரெண்டு மாட்டு அகலம்! ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. நம் கிராமத்துப் பாதைகளின் சரித்திரம் மொத்தமும் அதற்குள் இருக்கிறது. வாருங்கள், கொஞ்சம் பின்னால் எடுத்துப் பார்ப்போம்.

*

மாட்டு வண்டியிலிருந்து ஆரம்பிக்கலாம். நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகள் ஏறக்குறைய ஆறடி அகலத்தை அடைக்கும். பைதாவுக்குப் பைதா ஐந்தடி இருக்கும். ஆக எட்டடி, பத்தடி இருந்தால் வண்டி தாராளமாகப் போய்விடும். எதிரே இன்னொரு வண்டி வந்தால்? பிரச்னையே இல்லை. பாதை மண்பாதை, வயலும் அதே மட்டத்தில் கிடக்கிறது. யார் பாரம் ஏற்றவில்லையோ அவர் மாட்டை ஒரு அதட்டு அதட்டித் தரிசில் இறக்கிவிடுவார். பாரவண்டி போனதும் மறுபடி ஏறிக்கொள்வார். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத மரியாதை.

நெய்வேலிக்குத் தெற்கே இறங்கினால் வீராணம் ஏரிப் பாசனம் தொடங்கிவிடும். பத்தாம் நூற்றாண்டில் சோழ இளவரசன் ராஜாதித்தன் வெட்டிய ஏரி. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை அந்த ஏரிக்குத் தண்ணீரை உறுதி செய்தது. தண்ணீர் போக வேண்டிய வழியைப் பற்றி ஆயிரம் வருஷமாக யோசித்திருக்கிறார்கள். வாய்க்கால், கன்னி வாய்க்கால், மதகு, வடிகால் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, முறை உண்டு, சண்டையும் உண்டு. வண்டி போகும் வழி அப்படியல்ல. தண்ணீர் போக, வயல் போக மிஞ்சிய இடமே பாதை. பெரும்பாலும் வாய்க்கால் கரைதான்.

அதை முதன்முதலாகக் காகிதத்தில் போட்டவர்கள் வெள்ளைக்காரர்கள். 1858-ல் சென்னை மாகாணத்தில் வருவாய் நில அளவை தொடங்கியது. வயல் வயலாகச் சங்கிலியை இழுத்தார்கள். சங்கிலி என்றால் நிஜச் சங்கிலி. 66 அடி நீளம், 100 கண்ணி. மூலைக்கு மூலை கல் நட்டு, ஒவ்வொரு புலத்துக்கும் எண் கொடுத்து, படம் வரைந்தார்கள். அந்தப் படத்தில் வண்டிப்பாதைக்குக் கிடைத்தது புள்ளிவைத்த கோடுகள். இன்றைக்கும் தாலுகா ஆபீசில் 'எஃப்.எம்.பி. காப்பி' என்று கேட்டு வாங்குகிறோமே, அதன் பாட்டன்தான் இது.

அவர்கள் தங்கள் கண் எதிரே பார்த்ததைத்தான் வரைந்தார்கள். பார்த்தது மாட்டு வண்டி. அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸின் மோட்டார் வண்டி ஓடுவதற்கே இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் பாக்கி!

*

கோடு வரைந்தாகிவிட்டது. அடுத்தது சட்டம்.

விட்லி ஸ்டோக்ஸ் என்று ஒரு ஐரிஷ்காரர். பழைய ஐரிஷ் மொழி ஏடுகளைப் பதிப்பித்த பெரிய பண்டிதர். பிழைப்புக்கு வக்கீல். 1862-ல் இந்தியாவுக்கு வந்தவர், பிறகு வைஸ்ராய் சபையின் சட்ட உறுப்பினர் ஆனார். ராத்திரி ஏட்டைப் படிப்பது, பகலில் இந்தியாவுக்குச் சட்டம் எழுதுவது! 1882-ம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் அவர் கைவேலை. அடுத்தவன் நிலத்தின் வழியாக நடக்கும் உரிமை, தண்ணீர் கொண்டுபோகும் உரிமை, காற்றும் வெளிச்சமும் பெறும் உரிமை எல்லாம் இதில் வரும். இந்தச் சட்டம் முதலில் அமலுக்கு வந்த இடங்களில் நம் சென்னை மாகாணமும் ஒன்று. பம்பாய்க்குக்கூட அப்புறம்தான் போனது.

சட்டம் சொல்வது இதுதான். அடுத்தவர் நிலத்தின் வழியாக 20 வருஷம் தடையில்லாமல், பகிரங்கமாக, உரிமையோடு போய்வந்தால் அந்தப் பாதை உங்கள் உரிமை. வேறு வழியே இல்லாத வயல் என்றால், அவசியத்தின் பேரில் வழி கேட்கலாம். நல்ல சட்டம்தானே என்று தோன்றும். 28-வது பிரிவைப் பாருங்கள். ஒருவகைப் பாதை உரிமைக்குள் இன்னொரு வகைப் பாதை உரிமை அடங்காது என்கிறது. அதாவது, நடக்க உரிமை வாங்கியவர் வண்டி ஓட்ட முடியாது.

அன்றைக்கு இது நியாயமான பாதுகாப்பு. ஒற்றையடிப் பாதைக்கு இடம் கொடுத்தவன் வயலில் நாளைக்கு வண்டி ஓடக்கூடாதல்லவா? ஆனால், காலம் மாறியபோது இதே வரியில் வந்து மாட்டிக்கொண்டது விவசாயம். மாட்டு வண்டிக்குக் கிடைத்த பாத்தியம் டிராக்டருக்கு உண்டா? டிராக்டருக்கு உண்டென்றால் அறுவடை மெஷினுக்கு? 'நிலத்துக்குக் கூடுதல் சுமை இல்லாமல் பயன்படுத்தும் விதத்தை மாற்றிக்கொள்ளலாம்' என்று அதே சட்டம் வேறு ஒரு பிரிவில் இடமும் கொடுக்கிறது. எது கூடுதல் சுமை? அங்கேதான் வக்கீல்களுக்கு வேலை. தமிழ்நாட்டின் எந்த முன்சீப் கோர்ட்டிலாவது போய்க் கேட்டுப் பாருங்கள், 'வண்டிப்பாதைத் தகராறு' இல்லாத கோர்ட் கிடையாது. அப்பா போட்ட வழக்கை மகன் நடத்துவான். கிரயப் பத்திரத்தில் 'நடை, வண்டி பாத்தியம் உள்பட' என்று ஒரே ஒரு வரி. அந்த வண்டி எந்த வண்டி என்று எழுதியவர் சொல்லவில்லை. எழுதும்போது இருந்தது ஒரே வண்டிதானே!

*

இந்த இடத்தில் நெய்வேலி உள்ளே வருகிறது.

1930களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அந்தக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கறுப்புத் துகள் நிலக்கரி என்று உறுதியாகி, 1956 நவம்பரில் கம்பெனி பதிவாகி, 1957 மே 20-ல் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கி வைத்தார். மண்ணை வெட்ட ஜெர்மன் எந்திரங்கள் வந்தன. பெரிய சக்கரம் ஒன்று, அதைச் சுற்றிப் பல் வைத்த தொட்டிகள். சக்கரம் சுழலச் சுழல மலையைச் சோறு மாதிரி அள்ளும். பிற்பாடு வந்த பெரிய மெஷின்களில் ஒரு தொட்டியின் கொள்ளளவு மட்டும் 1,400 லிட்டர்!

இதில் என்னை ஆச்சரியப்படுத்துவது அதன் அளவல்ல. அந்த எந்திரத்துக்குப் பாதையே வேண்டாம். இரும்புப் பட்டையில் தவழ்ந்து போகும். அது எங்கே போகிறதோ அதுதான் பாதை. ஊர் குறுக்கே வந்தால் ஊர் நகர வேண்டும்.

நகர்ந்தன. ஊர்கள் காலியாகின. பக்கத்திலேயே டவுன்ஷிப் எழுந்தது. முப்பது சொச்சம் பிளாக்குகள், எண் போட்ட வீடுகள், இருபுறமும் மரம் வைத்த அகலமான சாலைகள். காகிதத்தில் அளவுகோலை வைத்துக் கோடு போட்டுவிட்டு அப்புறம் கட்டிய ஊர். அங்கே இரண்டு லாரி எதிரெதிரே வந்தாலும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம்.

டவுன்ஷிப் எல்லையைத் தாண்டிப் பத்து நிமிஷம் சைக்கிள் மிதித்தால்? 1858-ன் புள்ளிக்கோடு. ரெண்டு மாட்டு அகலம்.

*

நெய்வேலியில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த அதே வருஷங்களில்தான் டிராக்டரும் இந்தியாவில் தயாராக ஆரம்பித்தது. 1959-ல் வடக்கே ஃபரிதாபாத்தில் ஐஷர். 1960-ல் சென்னையில் 'டாஃபே' தொடங்கி, மறு வருஷமே மாஸி ஃபெர்குசன் டிராக்டரைத் தயாரித்து அனுப்பியது. டிராக்டரின் பின் சக்கரங்களுக்கு வெளி அளவு ஏறத்தாழ ஆறடி. பாதைக்கு இது பெரிய அதிர்ச்சி இல்லை. இரண்டு மாடு போன இடத்தில் அதுவும் போனது. தகராறு அதன் வாலில் வந்தது. டிரெய்லர்!

கடலூர் மாவட்டம் கரும்பு மாவட்டம். நெல்லிக்குப்பத்தில் 1842-லேயே சர்க்கரை ஆலை வந்துவிட்டது. சேத்தியாத்தோப்பில் எம்.ஆர்.கே. கூட்டுறவு ஆலை இருக்கிறது. கரும்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வெட்டிய நிமிஷத்திலிருந்து எடையும் இனிப்பும் குறைய ஆரம்பிக்கும். ஒரு நாளைக்குள் அரைவைக்குப் போனால்தான் விவசாயிக்குக் காசு. அந்தக் காலத்தில் விடிய விடிய வரிசையாகக் கரும்பு வண்டிகள் போகும், கீழே அரிக்கேன் விளக்கு ஆடும். முதல் மாடு வழி தெரிந்து நடக்கும், வண்டிக்காரர் மேலே தூங்குவார். இரும்புப் பட்டா போய் டயர் வண்டி வந்தது. அப்புறம் டிராக்டர். நாலைந்து வண்டிச் சுமையை ஒரே நடையில் இழுக்கும்போது யார்தான் மாடு பூட்டுவார்கள்? அகலம் போதவில்லை, அதனால் உயரத்தில் ஏற்றினார்கள். அப்புறம் நீளத்தில் இன்னொரு டிரெய்லர் மாட்டினார்கள். நான் மாட்டிக்கொண்டது அந்த நீளத்திடம்தான்.

2000 டிசம்பரில் பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் வந்தது. நிஜமாகவே பெரிய காரியம். மழை பெய்தால் துண்டிக்கப்படும் ஊர்களுக்குத் தார் ரோடு கிடைத்தது, பிரசவ வலிக்கு ஆட்டோ வந்தது. அந்தத் திட்டத்தில் தார்ப் பகுதியின் வழக்கமான அகலம் 3.75 மீட்டர். வண்டி நடமாட்டம் குறைவென்றால் 3 மீட்டர். பத்தடிக்குக் கொஞ்சம் கம்மி. அதாவது, பழைய வண்டிப்பாதையின் முதுகிலேயே ஜல்லியைக் கொட்டித் தார் ஊற்றினார்கள். நிலம் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ரோடே வந்திருக்காது, கோர்ட்டுக்குத்தான் போயிருக்கும். ஒரு கிலோமீட்டர் பாதையை ஒரே ஒரு மீட்டர் அகலப்படுத்த ஏறக்குறைய 25 சென்ட் வேண்டும். மொத்தத்தில் சின்ன இடம்தான். ஆனால், அது நூறு பேர் வயலின் ஓரத்திலிருந்து துண்டு துண்டாக வர வேண்டும். எந்த நூறு பேர் ஒரே நாளில் தலையாட்டுவார்கள்?

தார் போட்டதில் இன்னொன்றும் நடந்தது. ரோடு மேலே ஏறிவிட்டது. வயல் மட்டத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயரம். ஓரத்தில் சீமைக்கருவேலம். முன்பு வெற்று வண்டி தரிசில் இறங்கி வழிவிட்டதே, அந்த மரியாதைக்கு இடமில்லாமல் போனது. இறங்கினால் குடைசாய வேண்டியதுதான்.

*

இப்போது கடைசி விருந்தாளி. அறுவடை மெஷின்.

ஆள் கிடைக்கவில்லை என்பது பழைய புலம்பல். நெய்வேலியைச் சுற்றிய கிராமங்களில் அதற்குக் கூடுதல் காரணம் உண்டு. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனால் மாதச் சம்பளம், பிள்ளையைப் படிக்க வைக்கலாம். 2006-ல் ஊரக வேலைத் திட்டம் தொடங்கியபோது முதல் தவணை மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. 'நூறு நாள் வேலைதான் எங்களைக் கெடுத்தது' என்று மிராசுதார்கள் அன்று முதல் சொல்லிவருகிறார்கள். என் கட்சி வேறு. குனிந்து நிமிர்ந்து அறுத்த பெண்களுக்கு முதுகு நிமிர்த்த ஒரு வழி கிடைத்தது. அதற்குப் போய் அழ வேண்டாம்.

ஆனால், நெல் அறுபட வேண்டுமே! மெஷின் வந்தது. எங்கிருந்து? பஞ்சாப்பின் கோதுமை வயல் மெஷின்தான் இந்தியாவில் எல்லோருக்கும் முன்னோடி. 1980-ல் அங்கே ஸ்வராஜ் கம்பெனி கம்பைன் ஹார்வெஸ்டர் தயாரிக்க ஆரம்பித்தது. அந்த வகை மெஷின்களின் முன்னால் இருக்கும் வெட்டுப்பல் வரிசை 14 அடி. ரோடு பத்தடி அல்லது பன்னிரண்டடி!

பஞ்சாபில் மட்டும் எப்படிப் போகிறது என்று கேட்கிறீர்களா? அதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பஞ்சாப் தன் நிலத்தைக் கலைத்து அடுக்கியது. சீட்டுக்கட்டை மொத்தமாக வாங்கிக் கலைத்துத் திரும்பப் போடுவது மாதிரி. 1920களிலேயே கூட்டுறவுச் சங்கம் மூலம் தொடங்கி, 1948-ல் சட்டமே போட்டார்கள். ஒருவருக்கு ஊரெல்லாம் பத்துத் துண்டாகச் சிதறிக் கிடந்த நிலத்தை ஒரே இடத்தில், சதுரம் சதுரமாகக் கொடுத்தார்கள். அதைக் கொடுக்கும்போதே பொதுப் பாதைக்கு என்று எல்லோரிடமும் கொஞ்சம் கழித்துக்கொண்டார்கள். அதன் பிறகுதான் டிராக்டர், அதன் பிறகுதான் கம்பைன். பாதை முதலில், மெஷின் பிறகு. மேற்கு ஜெர்மனியும் 1953-ல் இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்து வயல்களையும் வயல்வழிகளையும் திருத்தி வரைந்தது.

ஜப்பான்காரன் வேறு மாதிரி யோசித்தான். 'என் வயல் சின்னது, என் வழி சின்னது. சரி, மெஷினைச் சின்னதாக்கு!' 1960களின் பின்பாதியில் அங்கே வந்த குட்டி நெல் அறுவடை மெஷின்கள் அப்படிப் பிறந்தவை. வேலிகளுக்கு நடுவே பாம்பு மாதிரி வளைந்துபோகும் கிராமத்துச் சந்துகளுக்குப் பேர்போன இங்கிலாந்து பாதையையும் மாற்றவில்லை, மெஷினையும் குறைக்கவில்லை. 3 மீட்டருக்கு மேல் அகலமான விவசாய வண்டியை ரோட்டில் இறக்கினால், பொதுவாக முன்கூட்டியே போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டது.

நாம் என்ன செய்தோம்? தமிழ்நாட்டில் நிலத்தை ஒருங்கிணைக்கும் சட்டமே வரவில்லை. சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. பஞ்சாபின் சமவெளியில் ஒரு ஏக்கருக்கு இன்னொரு ஏக்கர் கிட்டத்தட்ட சமம். இங்கே அப்படியா? மதகுக்குப் பக்கத்து வயலும் கடைமடை வயலும் ஒன்றாகுமா? என் தாத்தா களி மண்ணில் ஒரு துண்டு, மணல்சாரியில் ஒரு துண்டு என்று வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. ஒன்றில் தண்ணீர் நின்று அழுகினாலும் இன்னொன்று சோறு போடும். யார் எதை யாரோடு மாற்றிக்கொள்வது? அதோடு, 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி பஞ்சாபில் சராசரி சாகுபடிப் பரப்பு 3.62 ஹெக்டேர். தமிழ்நாட்டில் 0.75. இரண்டு ஏக்கர்கூட இல்லை. அதிலிருந்து பாதைக்கு வெட்டிக் கொடு என்றால், கொடுப்பவனுக்கு அது பாதையாகத் தெரியாது, சோற்றுப் பானையாகத் தெரியும்.

ஆகவே நாம் பாதையையும் மாற்றவில்லை, சட்டத்தையும் மாற்றவில்லை. மெஷின் மட்டும் வந்தது. சேற்று வயலுக்கு 'பெல்ட் டைப்' மெஷின், ஏழெட்டு அடி அகலம். அந்த பெல்ட் தார் ரோட்டில் வெகுதூரம் ஓடக்கூடாது, ரோடும் கெடும், பெல்ட்டும் தேயும். அதனால் லாரி மேல் ஏறி வருகிறது. லாரி ஊர் எல்லையில் நிற்கும். மெஷின் இறங்கி நடக்கும். தெருமுனையில் தாழத் தொங்கும் கரண்ட் கம்பியை ஒருத்தர் கவைக் கொம்பால் தூக்கிப் பிடிப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். வாய்க்கால் குறுக்கே வந்தால் இரண்டு தென்னை மரத்துண்டு, இல்லாவிட்டால் சிமென்ட் குழாய். வாடகையோ மணிக்கணக்கு. மெஷின் வழி தேடும் நேரத்துக்கும் மீட்டர் ஓடும்!

*

2023 ஜூலை 26. நெய்வேலிக்குத் தெற்கே வளையமாதேவி.

அறுவடைக்கு இன்னும் ஓரிரு மாதம் இருந்த பச்சை நெல். அதற்குள் மண் வெட்டும் எந்திரங்கள் வரிசையாக இறங்கின. இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்கால் வேலை. 'இது வருஷங்களுக்கு முன்பே கையகப்படுத்தி இழப்பீடு கொடுத்த நிலம், பயிர் வைக்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தோம், ஆற்றைத் திருப்பாவிட்டால் மின்சாரத்துக்கே ஆபத்து' என்றது நிறுவனம். 'கொடுத்த தொகை போதாது, வேலை வரவில்லை, விளைந்த பயிரையாவது அறுக்க விட்டிருக்கலாமே' என்றார்கள் விவசாயிகள். போராட்டம் வெடித்தது. அறுவடை வரை இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று சென்னை உயர் நீதிமன்றமும் கேட்டது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

வழக்கின் நியாய அநியாயம் பெரிய விஷயம், இங்கே அதை நான் தீர்க்கப் போவதில்லை. டி.வி.யில் அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு வேறொன்று உறுத்தியது. வயலுக்குள் இறங்க எந்த எந்திரமும் வரப்பைத் தேடவில்லை, பக்கத்து வயல்காரரிடம் வழி கேட்கவில்லை, கம்பியைத் தூக்கிப் பிடிக்க ஆள் வைக்கவில்லை. நேரே போனது. அதே வட்டாரத்தில், தன் சொந்தப் பயிரை அறுக்க ஒரு மெஷினை உள்ளே கொண்டுபோக மூன்று பேரிடம் கெஞ்ச வேண்டிய விவசாயி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுரங்கம் வளரும்போது நிலம் மட்டும் போவதில்லை. அதன் ஊடே போன வண்டிப்பாதையும் போகிறது. ஊருக்கு ஊர் நேரே இருந்த வழி, பள்ளத்தின் விளிம்பில் முடிந்துவிடும். சுற்றிக்கொண்டு போங்கள் என்பார்கள். சுற்றுவழியும் அதே பத்தடிதான். முன்பு இரண்டு பாதையில் பிரிந்துபோன டிராக்டர்கள் இப்போது ஒன்றில்.

*

மினி பஸ்ஸில் வந்த பெரியவரைப் பாதியில் விட்டுவிட்டேன். அன்றைக்கு அவர் இறங்கும் ஊரில் நானும் இறங்கினேன். அவருக்கு உள்வயல். ரோட்டிலிருந்து மூன்று வயல் தாண்டி. முன்னால் இருக்கும் மூன்று பேரும் அறுத்து முடித்தால்தான் மெஷின் இவர் வயலுக்குப் போக முடியும். அவர்கள் தாமதித்தால் இவர் நெல் முற்றி உதிர வேண்டியதுதான். நடுவில் மழை வந்தால் அதுவும் இல்லை.

"பாத்தியம் கேட்டு கேஸ் போடலாமே?" என்றேன், பட்டணத்துப் புத்தியோடு.

"போட்டு? நான் செத்தப்புறம் தீர்ப்பு வரும். அவங்களும் பங்காளிங்கதான் தம்பி. கோவிச்சிக்கிட்டா தண்ணியும் வராது."

அப்படியானால் என்னதான் செய்கிறார்? அவர் செய்வது எந்தச் சட்டத்திலும் திட்டத்திலும் இல்லை. புரட்டாசியில் விதை வாங்கப் போகும் முன், முன்வயல்காரர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வாராம். வெற்றிலைத் தட்டு வரும். மழை பற்றி, மாப்பிள்ளை பற்றி, ஆலை பாக்கி பற்றிப் பேசிவிட்டுக் கடைசியில் மெதுவாக ஒரு கேள்வி.

"இந்த வருஷம் என்ன நெல்லு போடறீங்க மாமா?"

'சி.ஆர். 1009' என்று பதில் வந்தால் 155 நாளுக்கு மேல். 'வெள்ளைப் பொன்னி' என்றால் 135, 140 நாள். 'ஆடுதுறை 39' என்றால் இன்னும் குறைவு. அவர் எதைச் சொல்கிறாரோ இவரும் அதையே போடுவார். நாற்றும் ஒரே வாரத்தில் விடுவார். அப்போதுதான் இரண்டு வயலும் ஒரே நாளில் பழுக்கும், மெஷின் ஒன்றன் வழியாக இன்னொன்றுக்குப் போகும்.

"உங்களுக்குன்னு பிடிச்ச ரகம் எது?" என்று கேட்டேன்.

"பொன்னி. சாப்பாட்டுக்கு நல்லா இருக்கும்." வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார். "மாமா மூணு வருஷமா 1009 போடறாரு."